ரோமிக்குச் சோறு போட்டது யார்

ஆம்ப்ரோஸ் சாருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது பதினோராயிரத்து அறுநூறு ரூபாய். என் மனைவி முத்தம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். காண்ட்ராக்டர் நாகேஷிடம் முன்பணம் கேட்டேன். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றான். நாங்கள் பேசியதைத் தள்ளி நின்று கேட்ட ஆம்ப்ரோஸ் சார் மறுநாள் பதினைந்தாயிரத்தை ஒரு கவரில் போட்டு என் சட்டைப் பையில் திணித்தார். சம்பளம் வருகிறபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அந்தத் தொகைக்கு இறக்கி வைத்திருந்தேன். ஒரு மாதம் தவறினாலும் கேட்க மாட்டார்.

"அவசரமில்ல பெருமாளு. நீ இன்னா, ஊர வுட்டா ஓடப்போற?"

அவர் போலீஸ் நாய்ப்படையில் ஹெட் கான்ஸ்டபிள். ரோமி என்ற வெடிகுண்டு மோப்ப நாய் அவர் பொறுப்பில் இருந்தது. நான் அதே இடத்தில் காண்ட்ராக்ட் கூலி. நாய்கள் இருக்கும் கென்னல் கழுவுவது, பினாயில் ஊற்றுவது, மைதானத்தில் புல் வெட்டுவது, வராந்தாவில் மாட்டியிருக்கும் போட்டோக்களைத் துடைப்பது, இவைதான் என் வேலை.

அந்த வராந்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படை ஆரம்பித்த காலம் முதல் சுத்தமாகச் சர்வீஸ் முடித்த நாய்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு நாய்க்குப் பக்கத்திலும் அதை வளர்த்த போலீஸ்காரர் தொப்பியோடு நிற்பார். ஏப்ரலில் போலீஸ் கொடி நாள் அன்று ஆளுக்கு ஒரு மாலை, நாய்க்கு ஒரு மாலை. இரண்டாவது படத்தில் இருப்பது சீசர். அது மட்டும் சர்வீஸ் முடிக்கவில்லை. ஒரு பெரிய சோதனைக்குப் போக இருந்த நாளில் யாரோ மதில் மேலிருந்து விஷம் வைத்த கறியைப் போட்டார்கள். சீசர் தின்றது, செத்தது. அன்றிலிருந்து ஒரு சட்டம். நாயை வளர்ப்பவர் கையைத் தவிர வேறு கையிலிருந்து நாய் ஒரு பருக்கை தின்னக் கூடாது. கமிஷனரே பிஸ்கட் நீட்டினாலும் முகத்தைத் திருப்ப வேண்டும்.

புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் ஆம்ப்ரோஸ் சார் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுவார். எனக்கும் சொன்னார். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

அவர் பரம்பரையே யூனிபார்ம். மர்பி டவுனில் வீடு. தாத்தா பட்டாளத்தில் பாலம் கட்டும் கம்பெனியில் இருந்தவர், அப்பா குதிரைப் போலீஸ். "எங்க தாத்தா ஆத்த தாண்டி பாலம் போட்டாரு, எங்கப்பா குதிர மேல உக்காந்தாரு, நான் நாய் பின்னாடி ஓடறேன். வரவர எங்க குடும்பம் தரைக்கு வந்துகினே இருக்குது" என்பார். சமையல்கார டெரிக் விடமாட்டான். "உன் புள்ள எலி புடிக்கப் போவான் சார்" என்பான். சிரிப்பார். ஆனால் வராந்தாவில் கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்த காலி ஆணியை அவர் பார்க்கும் பார்வையில் சிரிப்பு இருக்காது. ரோமி ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் பையில் இருந்த டெட்டனேட்டர்களைக் கண்டுபிடித்த நாய். இன்னும் இரண்டு வருஷம் போனால் அந்த ஆணி அவர்கள் இருவருக்கும்தான்.

போன மழைக்காலத்தில் ஆம்ப்ரோஸ் சாருக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரோமியைப் பார்த்துக்கொள்ள அருண்குமார் என்ற இளம் கான்ஸ்டபிளைப் போட்டார்கள். நல்ல பையன். டெரிக் வேகவைத்த கறியும் சோறும் காய்கறியும் போட்டு அருண்குமார் தட்டை வைப்பான், ரோமி மோந்துகூடப் பார்க்காமல் கேட் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்ளும். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"நம்ம வீட்ல ஞாயித்துக்கெழமதான் கறி. இவளுக்கு தெனம் கறி, இவ வேணாங்கறா" என்று டெரிக் சொன்னான். சொல்லும்போது அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

மதியம் நான் சாப்பிட உட்காருவது ரோமியின் கென்னலுக்கு எதிரே, புங்கமரத்தடியில். அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுபோயிருந்தேன். ரோமி கம்பிக்கு அந்தப் பக்கம் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் யாருமில்லை. களியில் ஒரு உருண்டை பிடித்துக் கம்பிக்குள் நீட்டினேன். அது கையை மோந்தது. கேட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு நாக்கு என் விரலில் பட்டது.

அன்று மாலை அதன் தட்டில் இருந்ததையும் நானே பிசைந்து ஊட்டினேன். அருண்குமார் டீ குடித்துவிட்டு வந்து காலித் தட்டைப் பார்த்தான். "சார், என் கையால சாப்ட்டுச்சு சார்!" என்று இன்ஸ்பெக்டர் ஷங்கர் சாருக்கு போன் போட்டான். நான் வாளியோடு நகர்ந்துவிட்டேன். ஆம்ப்ரோஸ் சார் வரும்வரை தினமும் அப்படியே நடந்தது.

ஆம்ப்ரோஸ் சார் திரும்பி வந்தார். பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. ரோமி அவர் மேல் ஏறி அவரைக் கீழேயே தள்ளிவிட்டது. அருண்குமார் தோளைத் தட்டிக்கொடுத்து, "என் கொழந்தைய காப்பாத்திட்ட தம்பி" என்றார். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு கொஞ்சம் எரிந்தது. அந்த எரிச்சல்தான் காரணமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

மதியத்தில் ஆம்ப்ரோஸ் சார் அறையில் போய்ப் படுப்பார். நான் மரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டால் ரோமி எழுந்து கம்பிக்கு வந்துவிடும். பொம்மனஹள்ளியிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறேன், போகிறேன். இந்த ஊரில் நான் வந்து உட்காருவதைப் பார்த்து எழுந்து நின்ற உயிர் அது ஒன்றுதான். ஒரு உருண்டை கொடுப்பேன். ஒரே ஒரு உருண்டை. அது பசியில் தின்னவில்லை, நானும் பசிக்காகக் கொடுக்கவில்லை.

வருஷ டெஸ்ட் வந்தது. வெளியூர் டிரெய்னிங் ஸ்கூலிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வெடிமருந்து தேடுவதில் ரோமி ஒன்றையும் விடவில்லை. கடைசியில் சோறு மறுக்கும் டெஸ்ட். ஆம்ப்ரோஸ் சார் ரோமியை மைதானத்தின் நடுவில் உட்காரச் சொல்லிவிட்டுத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றார். ஒருவன் கறித் துண்டை மூக்குக்கு நேரே காட்டினான். ரோமி முகத்தைத் திருப்பியது. இன்னொருவன் பிஸ்கட்டை எறிந்தான். பார்க்கவே இல்லை. டெரிக் என் விலாவில் இடித்தான். "ராணி மாதிரி உக்காந்துகினு இருக்கறா பாரு."

மூன்றாவதாக வந்தவன் லுங்கி கட்டியிருந்தான், தலையில் துண்டு. ரோமியைக் கூப்பிடவில்லை, பார்க்கவுமில்லை. கொஞ்சம் தள்ளிக் குந்தினான். பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தான்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ரோமிக்கும் கேட்டது.

அதன் வால் தரையில் அடித்தது. எழுந்தது. நேராகப் போய் அவன் கையிலிருந்ததைத் தின்றது. தின்றுவிட்டு அவன் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது, இன்னொரு உருண்டைக்காக.

தட்டிக்குப் பின்னாலிருந்து ஆம்ப்ரோஸ் சார் வெளியே வந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என் காலில் இருந்த ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் ரோல்கால். போலீஸ்காரர்கள் ஒரு வரிசை, எங்களைப் போலக் கூலிகள் பின்னால் ஒரு வரிசை. காண்ட்ராக்டர் நாகேஷையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஷங்கர் சாருக்குக் கன்னடம்தான் தாய்மொழி, எங்களுக்காகத் தமிழில் பேசுவார்.

"பாருங்கப்பா. யாராவது அதுக்கு சாப்பாடு போட்டிருந்தா இப்போ சொல்லிடுங்க. காரணம் தெரிஞ்சா அதை திருத்தலாம். ரெண்டு மாசம் டிரெய்னிங் குடுத்து மறுபடி டெஸ்ட் வைக்கலாம். யாரும் போடலைன்னா நாயே கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். அப்போ நான் அதை வச்சுக்க முடியாது. நாளைக்கு எவனாவது விஷம் போடுவான், குண்டு இருக்கிற இடத்துல அது செத்துக் கிடக்கும். ஜனங்க சாவாங்க. நிஜ ஹேளி, உண்மைய சொல்லுங்க. யாரு?"

நாகேஷ் எனக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விடுவது கேட்டது. இப்போது வாயைத் திறந்தால் சாயங்காலம் வேலை இல்லை. முத்தம்மாவின் மாத்திரை, வாடகை, ஆம்ப்ரோஸ் சாரின் பாக்கி, எல்லாம் தலைக்குள் வந்து நின்றன.

ஷங்கர் சார் கூலிகள் பக்கம் திரும்பினார். "நீங்க?"

அப்போது ஆம்ப்ரோஸ் சார் ஒரு அடி முன்னால் வந்தார். "இவங்க போட மாட்டாங்க சார். பெருமாளுக்கு நானே சீசர் கதைய சொல்லியிருக்கேன். அவனுக்கு நான் கேரண்டி."

"அப்போ தப்பு உங்களுதா?"

"என் நாய் சார். எங்கயோ நான்தான் வுட்டுட்டேன்."

அவருக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். ரோமியின் பேப்பர் மேலிடத்துக்குப் போக ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதாவது, எனக்கு ஒரு வாரம் இருந்தது.

அந்த வாரம் மதியத்தில் ஆம்ப்ரோஸ் சார் படுக்கப் போகவில்லை. புங்கமரத்தடிக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவார். நான் டப்பாவைத் திறக்கவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ரோமி கம்பிக்கு வந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்க்கும்.

"எங்க தப்பு பண்ணேன் பெருமாளு? குட்டியா வந்துச்சு. மொத நாள்லேருந்து என் கையி. ராத்திரில தூக்கம் வரல. வீட்ல பெர்னதெத் திட்டறா, பொண்டாட்டி நான் செத்தாகூட நீ இப்படி உக்கார மாட்டன்னு."

நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப… அந்தப் பையன் எவனையாச்சும் வுட்டு ஊட்டச் சொன்னானா? நீ இங்கதான இருந்த. பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இல்லை என்று சொன்னால் போதும். அருண்குமார் தப்பித்துக்கொள்வான். நான் சொன்னது, "தெரியல சார்."

தெரியவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து கத்தல் கேட்டது. "எவன் கையால போட்ட சொல்லுடா!" அருண்குமார் அழுதுகொண்டே, "என் கொழந்த மேல சத்தியம் சார், நான்தான் போட்டேன், என் கையாலதான் சாப்ட்டுச்சு" என்றான். பாவம், அவன் அதை நம்பியிருந்தான். டெரிக் நடுவில் புகுந்து விலக்கிவிட்டான். பதினோரு வருஷ சர்வீஸில் ஆம்ப்ரோஸ் சார் ஒரு சின்னப் பையனின் காலரைப் பிடித்தது அன்றைக்குத்தான் என்று டெரிக் வெளியே வந்து சொன்னான். நான் பினாயில் வாளியைத் தூக்கிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய கென்னலை இன்னொரு தடவை கழுவினேன்.

வீட்டில் முத்தம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"அந்த மனுசன் காசுலதான்யா நான் பொழச்சிக்கினு கெடக்கறேன்."

"சொன்னா வேலை போயிடும்."

"போவட்டும். சொல்லாம இருந்து இன்னா மிச்சம் புடிச்ச? சோறு எறங்குதா உனக்கு?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் போனேன், சொல்லவில்லை. அதற்கு மறுநாளும். ஷங்கர் சாரின் அறை வாசல் வரைக்கும் துடைப்பத்தோடு போய் வாசலைப் பெருக்கிவிட்டு வருவேன்.

உத்தரவு வந்துவிட்டது. ரோமி படையிலிருந்து நீக்கம். ஆம்ப்ரோஸ் சாருக்கு நாய்ப்படையிலிருந்து மாற்றல், ஏதோ ஒரு ஆபீஸ் வாசலில் காவல் டியூட்டி.

சர்வீஸ் முடித்த நாய் போகிற நாளில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். மாலை போடுவார்கள், சல்யூட் அடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், முன் கேட் வழியாக ஜீப்பில் ஏற்றி அனுப்புவார்கள். ரோமிக்கு அதெல்லாம் இல்லை. ஆம்ப்ரோஸ் சார் தானே குனிந்து அதன் மார்பில் கட்டியிருந்த படையின் பட்டையைக் கழற்றி ஸ்டோரில் கொடுத்துவிட்டு வந்தார். நாயைத் தானே வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நைலான் கயிற்றில் கட்டிப் பின் கேட் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். குப்பை வண்டி வருகிற கேட் அது. பட்டை இல்லாமல் நடப்பது ரோமிக்குப் புதிது. இரண்டு தடவை நின்று திரும்பி ஸ்டோரைப் பார்த்தது.

"பெருமாளு, அந்தக் கென்னலக் காலி பண்ணு. பேர அழிச்சுடு, புதுக் குட்டி வருது" என்று டெரிக் சொன்னான்.

தின்னரும் துணியும் எடுத்துக்கொண்டு போனேன். கதவின் மேல் மஞ்சள் பெயிண்டில் ரோமி என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஆம்ப்ரோஸ் சாரின் பெயர், நம்பரோடு. துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அவர் பெயரின் முதல் எழுத்து கரைந்து வழிந்தது. அதற்கு மேல் கை போகவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு நேராக ஷங்கர் சார் அறைக்குப் போனேன்.

சொன்னேன். ஆஸ்பத்திரிக் காலத்தில் போட்டதையும் சொன்னேன், அவர் வந்த பிறகு போட்டதையும் சொன்னேன்.

ஷங்கர் சார் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். "ஈக ஹேளி ஏனு பிரயோஜன?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்போது சொல்லி என்ன பிரயோஜனம் என்று நானும்தான் வருகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"பெருமாள்சாமி, போன வாரம் இதே வார்த்தையை சொல்லியிருந்தா அந்த நாய் இங்க இருக்கும். இப்போ மேலே கையெழுத்து ஆயிடுச்சு. ஒரு வாட்டி வெளியே போன நாயை உள்ளே எடுக்க மாட்டாங்க. ஆம்ப்ரோஸ் மெமோவை மட்டும் எடுத்துடறேன். அவ்வளவுதான் என்னால ஆகும்."

"மாற்றல் சார்?"

"நாய் இல்லாத ஆளுக்கு நாய்ப்படையில என்ன வேலை?"

ஒரு தாளை நீட்டி நான் சொன்னதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். தமிழில்தான் எழுத வரும் என்றேன், அதுவும் நாற்பது வயதுக்கு மேல் ராத்திரி வகுப்பில் படித்தது. எழுது என்றார். ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை. சாயங்காலம் நாகேஷ் என் கணக்கை முடித்தான்.

அந்தப் பணத்தோடு மகள் வீணா கொடுத்ததையும் சேர்த்தேன். பாக்கி முழுசாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரம் பார்த்து மர்பி டவுனுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி பெர்னதெத். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார். உள்ளே ஆம்ப்ரோஸ் சார் பனியனோடு தரையில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் அவர் தாத்தாவும் அப்பாவும் யூனிபார்மில் இருந்தார்கள். பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் ரோமி.

அது என்னைப் பார்த்ததும் எழுந்தது. வால் பீரோவில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது. வந்து என் பையை மோந்தது, கையை மோந்தது. பிறகு என் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.

ஆம்ப்ரோஸ் சார் பாலிஷ் போடுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

"சார், பணம்" என்று நான் கவரை எடுத்தேன்.

"கைய நீட்டாத. சோறுன்னு நெனைச்சுக்கும்."

கவரை மார்போடு வைத்துக்கொண்டேன்.

"ரோல்கால்ல உனக்காக நான் பேசனேன். பக்கத்துலயே நின்னுகினு கேட்டுகினு இருந்த."

"ஆமா சார்."

"அந்தப் பையன் சட்டையப் புடிச்சேன். அதையும் கேட்டுகினுதான் இருந்த."

"ஆமா சார்."

"ஒண்ணு மட்டும் சொல்லு. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப போட்ட. அது சாவக்கூடாதுன்னு போட்ட. அதுக்கு நான் உன் கால்லகூட வுழுந்திருப்பேன். நான் வந்தப்புறம் ஏன் போட்ட?"

பதில் என்னிடம் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. "என்னப் பாத்தா எழுந்து நிக்கும் சார்" என்றேன்.

அவர் பிரஷை மறுபடி பாலிஷ் டப்பாவில் தேய்த்தார். உள்ளேயிருந்து பெர்னதெத், "காப்பி வைக்கட்டுமா?" என்று அவரிடம் கேட்டார்.

"வேணாம். அவரு கெளம்பறாரு."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை 'அவரு' என்றதில்லை. பிரஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"பணம் வேணாங்க. நீங்களே வச்சிக்குங்க. கணக்கு தீந்துச்சு. மாசாமாசம் பாக்கி குடுக்கறேன்னு இந்தப் பக்கம் இனிமே வரவேணாம்."

"சார், அது உங்க காசு சார்…"

"தீந்துச்சுன்னு சொல்றேன் இல்லீங்களா."

நான் வாசலுக்குத் திரும்பினேன். ரோமியும் எழுந்து கூடவே வந்தது. அவர் கூப்பிடவில்லை. அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் படி இறங்கும் வரை நின்று, கதவைச் சாத்தினார்.